டர்பன் தமிழ்க் குடும்பங்கள் எதைத் தாங்கின, யார் தாங்கினார்கள்: ஒரு மாணவிக்குப் பதில்

திருநெல்வேலியில் சமூகப்பணி படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "வெள்ளம், தொழிற்சாலைப் புகை, வேலையின்மை, போதை என்று எத்தனை வந்தாலும் தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் தாங்கி நிற்கின்றன என்கிறார்கள். கூட்டுக்குடும்பமும் கோயிலும்தான் காரணமா? இதை ஆய்வு செய்ய எங்கிருந்து தொடங்கலாம்?"

அன்புத் தங்கச்சிக்கு,

டர்பன் நகரின் இந்தியர் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் மெர்பேங்கிலும் குடும்பநலப் பணியில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொன்னதில் பாதி சரி. கூட்டுக்குடும்பம் இங்கே ஒரு காலத்தில் நிறையச் சுமந்தது. பிறகு அதைச் சட்டம் போட்டுக் கலைத்தார்கள். அது சுமந்ததெல்லாம் அதற்கப்புறம் யார் தலையில் ஏறியது? அங்கிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். "தமிழ்க் குடும்பம் உறுதியானது" என்று பாராட்டிவிட்டு நகர்ந்தால், அந்த உறுதிக்காகத் தேய்ந்துபோன ஆள் கண்ணில் படவே மாட்டார்.

முதலில் தண்ணீர். 1860 முதல் 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கியவர்களுக்குக் கரும்புத் தோட்டத்தைத் தவிர தெரிந்த தொழில் காய்கறிப் பயிர். அதற்குக் குறைந்த குத்தகையில் நிலம் கிடைத்தது ஆற்றோரங்களில்தான். உம்கேனி ஆற்றின் ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளி அப்படிப்பட்ட இடம். மண் நல்ல மண், நகரச் சந்தையும் பக்கம். ஆனால் ஆறு பெருகினால் ஓட வழி கிடையாது. 1917 அக்டோபர் 28 அன்று அது பெருகியது. நானூறு பேர் அளவில் செத்துப்போனார்கள், அநேகமாக எல்லாரும் இந்தியத் தோட்டக்காரக் குடும்பத்தினர். அன்று படவட்டன் குடும்பத்து மீனவர்கள் ஆறு பேர் தங்கள் வலைப்படகை வெள்ளத்தில் இறக்கி, திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரையேற்றினார்கள். இன்றைக்கும் எங்கள் ஊரில் அதைப் பெருமையோடு சொல்வார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அந்த மக்கள் ஏன் அங்கே குடியிருந்தார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். வேறு எங்கே அவர்களுக்கு நிலம் கொடுத்தார்கள்?

இது ஒரு தடவையோடு முடியவில்லை. உம்பிலோ ஆற்றங்கரையில் நம் முன்னோர் கட்டிய அம்பலவாணர் கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோயிற்று. இன்று கேட்டோ மேனரில் நிற்பது 1947இல் மறுபடி எழுப்பியது. 1976இல் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் "டின் டவுன்" என்ற தகரக் குடியிருப்பில் வெள்ளம் புகுந்தது. அந்தக் குடும்பங்களைத்தான் முதலில் புது நகரமான பீனிக்ஸில் கொண்டுபோய் வைத்தார்கள். 1987 செப்டம்பரில் மாகாணம் முழுக்க வெள்ளம். 2022 ஏப்ரலில் மறுபடியும். நான்கு தலைமுறையாக வெள்ளக் கதை இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு.

இப்போது கலைத்த கதைக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் அடி அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் தனிப் பகுதி என்று ஒதுக்கும் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தை 1950இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்தது. கேட்டோ மேனர், மேவில் போன்ற இடங்களில் இந்தியக் குடும்பங்கள் மரப்பலகையும் தகரமும் கொண்டு வீடு கட்டியிருந்தன. மகனுக்குக் கல்யாணம் ஆனால் பின்பக்கம் ஒரு அறை இறக்குவார்கள், அடுத்த மகனுக்கு இன்னொன்று. ஒரே சமையலறை, ஒரே கிணற்றடி. நகராட்சித் தொழிலாளர்களின் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். இடம் நெரிசல், வசதி மோசம். ஆனால் வேலைக்கு நடந்தே போகலாம். பிள்ளையை ஓரகத்தியிடம் விட்டுவிட்டுக் கிளம்பலாம். கோயில், நாடகக் குழு, பந்துக் குழு எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

1960களின் நடுவில் அவர்களை ஊருக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தார்கள். அங்கே வீடுகள் யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு என்று எண் போட்ட பகுதிகளில் இருந்தன. வீட்டின் அளவு புருஷன், பெண்சாதி, பிள்ளைகளுக்கு மட்டும். அண்ணனுக்கு ஒரு யூனிட்டில் வீடு, தம்பிக்கு இன்னொன்றில். நடுவில் மலைச்சரிவு. வாடகை கூடியது, பஸ் கட்டணம் புதிதாகச் சேர்ந்தது. அப்பா இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பினார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா தனியாள்.

இதைச் சொல்லும்போது பழைய கூட்டுக்குடும்பத்தை நான் சொர்க்கம் ஆக்கவில்லை. அங்கே மருமகள்கள் பட்ட பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். புது வீட்டில் முதல் தடவையாகத் தன் கையால் அடுப்பு பற்றவைத்து நிம்மதியாக மூச்சு விட்ட பெண்களும் உண்டு. ஆனாலும் தானாகப் பிரிந்து தனிக்குடித்தனம் போவது வேறு, லாரியில் ஏற்றி இறக்கிவிடுவது வேறு. முன்னதில் உறவு கூடவே வரும். பின்னதில் உறவைப் பார்க்கப் போக பஸ் காசு வேண்டும்.

அடுத்த தலைமுறையில் பெண்கள் வேலைக்குப் போனார்கள். டர்பனின் துணி ஆலைகளில் ஆயிரக்கணக்கில் இந்தியப் பெண்கள் மெஷின் ஓட்டினார்கள். அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் பட்டம் வாங்கினார்கள். 1994க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்தது, மலிவுத் துணி குவிந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஐம்பது வயதுப் பெண், தையலைத் தவிர வேறு தொழில் தெரியாது, கையில் கொஞ்சம் ஈட்டுத்தொகை. வேலை போவது முதலில் பேச்சில் தெரியும் என்பது என் அனுபவம். வீட்டில் பேச்சு குறையும், அல்லது எல்லாப் பேச்சும் சண்டையில் முடியும். அமெரிக்காவில் 1930களின் பொருளாதார மந்தத்தில் வளர்ந்த பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த கிளென் எல்டர் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. காசு போனது பிள்ளையை நேராகத் தாக்கியதைவிட, பெற்றோரின் மனம் நொந்து, அவர்கள் கடுமையாகி, அதன் வழியாகத் தாக்கியதுதான் அதிகம். உங்கள் பாடத்தில் இது வரும். வரும்போது யூனிட் வீட்டின் சின்ன முன்னறையை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

புகைக்கு வருவோம். தெற்கு டர்பன் பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் என்ஜென் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் சாப்ரெஃப் ஆலை, காகித ஆலை, ரசாயனக் கிடங்குகள். நடுவில் மெர்பேங்க், வென்ட்வொர்த். மெர்பேங்க் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பகுதி, வென்ட்வொர்த் கலப்பினத்தவருக்கு. இரண்டு ஆலைகளுக்கும் இடையில் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளி இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரலைச் சோதித்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா. பாதி வகுப்பறை!

ஆஸ்துமா வந்த பிள்ளை உள்ள வீட்டின் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். இரண்டு மணிக்கு இழுப்பு. அம்மா எழுந்து நெபுலைசரைப் போடுகிறாள். மின்வெட்டு அட்டவணை போட்டிருந்த ஆண்டுகளில், அன்று ராத்திரி கரண்ட் இல்லை என்றால் கார் உள்ள அண்டைவீட்டை எழுப்ப வேண்டியிருந்தது. காலையில் அவளுக்கு வேலை. மாதத்தில் சில நாள் போக முடியாது, முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? அவள் வேலையை விடுகிறாள். ஒரு சம்பளம் குறைகிறது. அப்பாவுக்கு அந்த ஆலையிலேயே ஒப்பந்த வேலையாக இருந்தால் புகையைப் பற்றி வீட்டில் வாய் திறக்க முடியாது. மூத்த பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து சீக்கிரம் திரும்புகிறாள். ஒரு நோய் ஒரு வீட்டுக்குள் இப்படித்தான் நடக்கும். மருத்துவமனைக் கணக்கில் அந்தப் பிள்ளை மட்டும்தான் நோயாளி.

அங்குள்ள மக்கள் இதைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. மெர்பேங்க் குடியிருப்போர் சங்கம் பல பத்தாண்டுகளாக மனுவும் ஊர்வலமுமாகப் போராடியது. 1990களின் நடுவில் வென்ட்வொர்த், பிளஃப், கிளேர்வுட் மக்களோடு சேர்ந்து தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டணி உருவானது. அதன் முன்னணியில் நின்ற டெஸ்மண்ட் டிசா 2014இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மன் விருது பெற்றார். இந்த அழுத்தத்தால்தான் 2000இல் அரசு ஒரு காற்றுத் தூய்மைத் திட்டம் கொண்டுவந்தது, அதன்பின் கந்தக டை ஆக்சைடு கணிசமாகக் குறைந்தது. 2020 டிசம்பரில் என்ஜென் ஆலையில் பெரிய வெடிப்பு நடந்தது. அதற்குப் பிறகு அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு நடக்கவில்லை. சாப்ரெஃப் 2022இல் மூடியது. காற்று கொஞ்சம் தெளிந்தது, கூடவே வேலைகளும் போயின. இரண்டையும் ஒரே குடும்பம் அனுபவித்ததை நீங்கள் ஆய்வில் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

என்னைக் கேட்டால், அந்தப் பகுதித் தாய்மார்களுக்கு மனவலிமைப் பயிற்சி வகுப்பு நடத்தியதைவிட, காற்றில் என்ன இருக்கிறது என்று அளக்கும் கருவியை ஊருக்குள் கொண்டுவந்து வைத்ததுதான் பெரிய குடும்பநலப் பணி.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பு நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அப்படிப்பட்ட மழை, பூமி சூடானதால் இப்போது இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். சாட்ஸ்வொர்த் முழுக்கச் சரிவு நிலம். மண் இறங்கிச் சுவர்கள் போயின. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மிக மோசமாக அடிபட்டவர்கள் நாங்கள் அல்ல. ஆற்றோரத் தகரக் குடிசைகளில் இருந்த கறுப்பின ஏழைக் குடும்பங்கள்தான். 1917இல் நம் ஆட்கள் இருந்த அதே இடத்தில், அதே காரணத்துக்காக, இன்று அவர்கள் இருக்கிறார்கள்.

பால்மியெட் ஆற்றங்கரையில் குவாரி ரோட் வெஸ்ட் என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே நகராட்சி, பல்கலைக்கழகம், குடியிருப்போர் மூவரும் சேர்ந்து வாட்ஸ்அப் வழியாக வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு செய்திருந்தார்கள். மேலே மழை வலுத்தால் கீழே செய்தி வரும், ஊர்ப் பொறுப்பாளர்கள் கதவு தட்டுவார்கள். அந்த ஏப்ரலில் அங்கே குடிசைகள் போயின, உயிர்கள் போகவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் சங்கங்கள் அங்கே போய்க் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. உதவிப் பொருள் கொடுக்க மட்டும் போய்விட்டு வருகிறோம்.

வெள்ளம் வடிந்த பிறகுதான் குடும்பத்துக்கு நீண்ட சோதனை. டோங்காட் ஊரில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையமே சிதைந்தது. அந்த ஆண்டின் பெரும் பகுதி குழாயில் தண்ணீர் இல்லை, டேங்கர் லாரிதான். எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் ஓட வேண்டும். யார் ஓடினார்கள்? வீட்டில் இருக்கும் பாட்டி, பள்ளி விட்டு வந்த பெண். முழங்கால் வலிக்காரிக்கு இரண்டு வாளி. படுத்த படுக்கையான தாத்தாவைக் கழுவித் துடைக்க எத்தனை வாளி வேண்டும் என்று அரசு அறிக்கை எதுவும் எண்ணாது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை மறந்துவிட்டுத் தண்ணீருக்கு நின்றவர்களை எனக்குத் தெரியும். 2024 ஜூன் 3 அன்று அதே டோங்காட்டைச் சுழற்காற்று (டொர்னாடோ) அடித்தது. போன தடவை வாங்கிய கடனே அடையவில்லை, அதற்குள் கூரை போயிற்று. ஒரு அடியைத் தாங்கிய குடும்பம் அடுத்ததையும் தாங்கும் என்று நினைப்பது தவறு. முதல் அடியில் சேமிப்பும், உறவினரிடம் கேட்கும் முகமும் தீர்ந்துபோயிருக்கும்.

போதையைச் சுருக்கமாகச் சொல்லி, மானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "சுகர்ஸ்" என்று இங்கே சொல்லும் மலிவான ஹெராயின் கலவை 2000களில் சாட்ஸ்வொர்த்தில் பரவியது. சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், விட்டால் உடம்பு முறுக்கும். பையன் வீட்டுச் செம்புக் குழாயைக் கழற்றி விற்பான், பிறகு அம்மாவின் தாலியைக் கேட்பான். மருந்து உண்டு, மறுவாழ்வு மையங்கள் உண்டு. ஆனால் நம் குடும்பங்கள் அங்கே வந்து சேரும்போது இரண்டு மூன்று ஆண்டுகள் போயிருக்கும். "நாலு பேருக்குத் தெரிந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று மூடி வைப்பார்கள். ஆடி மாதக் கூழுக்கு எல்லாரும் கோயிலுக்கு வருவார்கள், புள்ளையைப் பற்றிக் கேட்டால் ஜோஹனஸ்பர்கில் வேலை என்பார்கள். கோயிலைப் பற்றிக் கேட்டீர்களே, கோயில் தாங்கும் இடம்தான். வெள்ளத்தின்போது கோயில் அடுப்பு அணையவில்லை, சாதி சமயம் பார்க்காமல் சோறு போட்டார்கள். மசூதிகளும் கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் அமைப்பும் அப்படியே செய்தன. சாவு விழுந்தால் மரண உதவிச் சங்கம் வந்து நிற்கும். ஆனால் வெட்கப்படும் துன்பத்தைக் கொண்டுவந்து வைக்க அங்கே இடம் இல்லை. சாவுக்குக் கூடுகிற சனம் போதைக்கும் அடிதடிக்கும் கூடுவதில்லை. கோயில் நிர்வாகத்தினரிடம் இதை நான் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

2021 ஜூலையைப் பற்றிச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறை போனதை ஒட்டிக் கலவரம், கடைகள் கொள்ளை, நாடு முழுக்க 350க்கு மேற்பட்ட சாவு. போலீஸ் வராத நாட்களில் பீனிக்ஸ் மக்கள் தெருமுனைகளில் தடுப்பு போட்டார்கள். அங்கே 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பக்கத்து இனாண்டாவிலும் பம்பாயியிலும் பிள்ளையை இழந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்த வாரமே பக்கத்துக் கார்னூபியாவில் ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்து, நச்சுப் புகையும் ஆற்றில் விஷமும் பரவின. பயம் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று அன்று பார்த்தோம். பிள்ளைகள் தனியே படுக்க மறுத்தார்கள். வீட்டு வேலைக்கு வரும் கறுப்பின அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் சிலர் தவித்தார்கள். அண்டை ஊரோடு பேச்சு நின்றுபோன குடும்பம், அடுத்த வெள்ளத்தில் ஓடும்போது எந்தக் கதவைத் தட்டும்?

கடைசியாக, இன்று யார் தாங்குகிறார்கள் என்ற கேள்வி. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஒரு பெண். அவளுடைய முதியோர் பென்ஷன் 2024இல் மாதம் 2,180 ராண்ட் அளவு. நாட்டில் வேலை செய்வோரும் தேடுவோருமாக மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லாதபோது, அந்தத் தொகையில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் சாப்பிடுகிறார்கள். மாத முதலில் மளிகையும் மின்சார டோக்கனும் அவள் வாங்குகிறாள். அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனால், சோறும் காவலும் பேரனின் பள்ளிக்கூடமும் ஒரே நாளில் ஆட்டம் காணும். வெளிநாடு போன பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள், நல்லது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆஸ்திரேலியாவிலிருந்து வர முடியாது.

ஆகவே உங்கள் ஆய்வுக்கு. அமெரிக்கச் சமூகவியலாளர் ரூபன் ஹில் 1949இல் வகுத்த முறையை வைத்துக்கொள்ளலாம்: என்ன நடந்தது, கையில் என்ன இருந்தது, குடும்பம் அதை எப்படிப் புரிந்துகொண்டது. எளிமையானது, இன்றைக்கும் பயன்படும். ஆனால் "கையில் என்ன இருந்தது" என்பதைக் குடும்பத்துக்குள் மட்டும் தேடாதீர்கள். வீடு எந்தச் சரிவில் இருக்கிறது, கிளினிக் எத்தனை தூரம், தண்ணீர் எத்தனை நாள் வரவில்லை என்பதையும் அதில் சேருங்கள். குடும்பத் தலைவரிடம் மட்டும் பேசாதீர்கள், அவர் "நாங்கள் சமாளித்துக்கொண்டோம்" என்பார். சமையலறைக்குப் போய்ப் பாட்டியிடம் தனியாக உட்காருங்கள். அவர் தமிழில் கொஞ்சம், ஆங்கிலத்தில் கொஞ்சம் பேசுவார், உங்கள் தமிழைக் கேட்டதும் மகிழ்ந்துபோவார். அவரிடம் மூன்று கேள்வி போதும். கடைசியாக எப்போது உங்களுக்காக டாக்டரைப் பார்த்தீர்கள்? ராத்திரி ஆபத்து என்றால் நடந்து போய்த் தட்டக்கூடிய கதவுகள் எத்தனை, அதில் தமிழர் அல்லாத வீடு எத்தனை? நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் இந்த வீட்டில் என்னென்ன நிற்கும்? மூன்றாவதற்கு அவர் உடனே பதில் சொல்ல மாட்டார், அவசரப்படுத்த வேண்டாம். டர்பன் வரும்போது எழுதுங்கள், மெர்பேங்கிலும் டோங்காட்டிலும் சில வீடுகளுக்கு நானே கூட்டிப்போகிறேன்.